கீறல் வேறு, பழுது வேறு

என் ஹெட்போனில் இடது பக்கம் சத்தமே வரவில்லை. வாரண்டி இருந்ததால் அனுப்பினேன். "வெளிப்புறத்தில் கீறல் உள்ளது, பணம் திருப்பித் தர இயலாது" என்று பதில் வந்தது. எனக்குச் சரியான கோபம். தினமும் மாட்டிக் கழற்றுகிற பொருளில், மடங்கும் இடத்தில் பெயின்ட் தேயாமல் இருக்குமா? கீறலுக்கு வாரண்டி கிடையாது என்றால், கீறலைச் சரிசெய்து தர மாட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே வயர் விட்டுப்போனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கீழே விழுந்து நசுங்கியிருந்தால், தண்ணீர் புகுந்திருந்தால் அது வேறு விஷயம்.

மெயிலில் ஒன்றே ஒன்று கேட்டேன்: இந்தக் கீறலால் சத்தம் எப்படி நின்றது, எழுத்தில் விளக்குங்கள். பில், அனுப்பும் முன் நாலு பக்கமும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்தேன். அப்புறம் மேலாளர் கூப்பிட்டார். பணம் வந்துவிட்டது.