ஓவிய வகுப்பில் ஏஐ படம்: ரெஃபரன்ஸாகக் கொடுக்க வேண்டாம்

ஓவியக் கல்வியில் ஏஐ என்று பேச்செடுத்தாலே, மாணவர் ஏமாற்றுவாரா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். அதைவிடப் பெரிய தவறு ஆசிரியர் பக்கம் நடக்கிறது: பார்த்து வரைய ஏஐ படத்தை ரெஃபரன்ஸாகக் கொடுப்பது.

வரையப் பழகுபவர் ரெஃபரன்ஸை நம்புகிறார். புகைப்படத்தில் லென்ஸ் உருவத்தைச் சற்று வளைத்துக் காட்டலாம். ஆனாலும் அங்கே உண்மையான ஒளி ஒரு பொருள்மேல் விழுந்திருக்கிறது. ஏஐ படத்தில் ஒளியும் இல்லை, பொருளும் இல்லை. பயிற்சிப் படங்களில் கண்ட சாயல்களைக் கொண்டு நிழல்போல ஒன்றை அது உருவாக்குகிறது. அதனால் மூக்கின் நிழல் ஒரு பக்கமும் கழுத்தின் நிழல் மறுபக்கமும் விழக்கூடும். விரல்கள் இப்போது பெரும்பாலும் சரியாக வந்துவிடுகின்றன. அவற்றை எண்ணிப் பார்ப்பது போதாது. துணி மடிப்பு தோளிலோ முழங்கையிலோ இழுபடும் இடத்திலிருந்து கிளம்புகிறதா, இரு கண்களிலும் ஒளிப்புள்ளி ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தவறு கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு ஏஐ படம் மிகவும் உதவும். தெருக்காட்சி ஒன்றை ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வையுங்கள். தூரத்தை நோக்கிச் செல்லும் ஒரே சுவரிலுள்ள கூரை விளிம்பு, ஜன்னல்களின் மேல், கீழ் விளிம்புகள், தரைக்கோடு ஆகியவற்றை ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைக் காட்டும் முறை, சரியாக இருந்தால் அவை ஒரே புள்ளியில் (மறைபுள்ளி) கூடும். கூடாத கோடுகளை மாணவரே திருத்தி வரையட்டும்.

அடுத்தது, ஏஐ பழகிய படங்கள் எங்கிருந்து வந்தன என்பது. படம் உருவாக்கும் ஏஐ கருவியான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் பழகியது, 2022இல் வெளியான லேயான்-5பி என்ற பயிற்சித் தொகுப்பின் பகுதிகளைக் கொண்டுதான். அதில் இணையப் படங்களுக்கான சுமார் 585 கோடி சுட்டிகளும் (லிங்க்) அவற்றின் விவரணைகளும் இருந்தன. ஓவியர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பாணியில் படம் வேண்டி, அவர் பெயரைப் பலரும் ப்ராம்ப்டில், அதாவது ஏஐக்கு எழுதும் கட்டளையில், எழுதினார்கள். அதை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். வகுப்பில், வாழும் ஓவியர் பெயரை ப்ராம்ப்டில் எழுதக் கூடாது என்று விதி வையுங்கள். அப்படியானால் மேதைகளின் ஓவியங்களை நகலெடுத்துப் பழகுவது மட்டும் சரியா என்று மாணவர்கள் கேட்பார்கள். சரிதான். நகலெடுப்பவர், இந்த விளிம்பு ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒவ்வொரு முடிவையும் தன் கையால் மீண்டும் எடுக்கிறார், மூலத்தையும் சொல்கிறார். ப்ராம்ப்டில் பெயர் மட்டும் போகிறது. முடிவெடுக்கும் வேலை விட்டுப்போகிறது.

மாணவர் ஏஐ பயன்படுத்திய படைப்போடு கருவியின் பெயரும் பதிப்பும், முழு ப்ராம்ப்ட், எத்தனை படங்களிலிருந்து எதைத் தேர்ந்தார், கையால் எதை மாற்றினார் என்பவை வர வேண்டும். முதல் கிறுக்கல்களும் இடைநிலை லேயர்களும் கூட. ஏஐ கண்டறியும் மென்பொருளை நம்பித் தண்டிக்காதீர்கள். கையால் வரைந்த டிஜிட்டல் ஓவியத்தையும் அது ஏஐ என்று சொல்லக்கூடும். சந்தேகம் வந்தால், அதே உருவத்தை வேறு கோணத்தில் 10 நிமிடம் உங்கள் எதிரில் வரையச் சொல்லுங்கள். மாணவர் படைப்பை அவர் சம்மதமின்றி எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் தேவை.

கலை வரலாற்றுப் பாடத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஒரு காலத்தின் பாணியில் ஏஐ உருவாக்கிய படத்தை ஸ்லைடில் ஒருமுறை காட்டினால், அது அக்காலத்து ஓவியமாகவே மனதில் பதிந்துவிடும். மூல ஓவியங்களைத் தேடுபொறியில் எடுக்காமல் அருங்காட்சியகத் தளங்களிலிருந்தே எடுங்கள். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றித் தருகிறது.