அந்த நாள்: செத்தவனின் முகம்

யாங்கோனில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த மழைக்கால இரவொன்றில், கைப்பேசியின் சிறு திரையில் ‘அந்த நாள்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய இந்தப் படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. வீணையில் பெரும் பெயர் பெற்ற ஒருவர், பாடலே இல்லாத படத்தை எடுக்கத் துணிந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

1943 அக்டோபரில் சென்னையின் மேல் ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டிய நாளில், வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறக்கிறான். படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்துவிடுகிறார். அன்றைய ரசிகர்கள் அதை ஏற்கவில்லை, படமும் ஓடவில்லை. அதன்பின் அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த பெண், மனைவி உஷா என ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து சொல்லச் சொல்ல, செத்தவனின் முகம் மாறிக்கொண்டே போகிறது. சுட்டது யார் என்ற கேள்வியைவிட, இவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்விதான் என்னைப் பதைக்க வைத்தது.

சொத்துத் தகராறு வரும் பகுதி சற்று நீளம். ஆனால் உஷாவாக வரும் பண்டரிபாயின் பங்கு வந்ததும் படம் வேறோர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. மலிவு விலையில் வானொலி செய்ய முனைந்த ராஜனுக்கு அரசின் ஆதரவு கிடைக்கவில்லை; அந்தப் புறக்கணிப்பு உள்ளுக்குள்ளேயே கனன்று, நாட்டின் இரகசியங்களை ஜப்பானுக்கு விற்கும் அளவுக்கு அவனைக் கொண்டுபோய்விடுகிறது. வெறிபிடித்தவனாகக் காட்டாமல், தன் பக்கம் நியாயம் இருப்பதாக மனதார நம்புகிறவனாக சிவாஜி அவனைக் காட்டியதே என்னை அதிகம் அச்சுறுத்தியது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி, இன்றைய யாங்கோனான ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தபோது என் அப்பத்தாவுக்குப் பத்து வயது. முதுமையிலும் விமானச் சத்தம் கேட்டால், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் விரல் அப்படியே நின்றுவிடும்; சத்தம் அடங்கிய பிறகுதான் மடிப்பார். அந்த விரலைப் பார்த்து வளர்ந்த என்னால், ராஜன் செய்ததை வெறும் கதைத் திருப்பமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் உஷா கணவனிடம் மன்றாடும் கட்டத்தை அன்றிரவே மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பத்தா அவனை மன்னித்திருக்கவே மாட்டார், எனக்கோ முழுதாக வெறுக்க மனம் வரவில்லை.