கோட்டையை இடித்தவனிடம் குறை கண்ட பெரியப்பா

ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை இன்ஜினீயர் யாராவது இங்கிலாந்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் அரண்மனை, மியூசியம் என்றெல்லாம் அலையவிடாதீர்கள், நேராக ஒரு இடிந்த கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பெரியப்பா லண்டனில் பார்த்த அத்தனைக்கும் சேர்த்து “நல்லா மெயின்டெயின் பண்றான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார நாற்காலி தேடியவர். அதே மனிதர் டார்செட்டில் கார்ஃப் கோட்டையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் சடங்கு வாசலிலேயே நடந்தது. “இந்தக் காசு கட்டினவனுக்கா, இடிச்சவனுக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு என்று சொல்லிவைத்தேன்.

ஊருக்கு மேலே தனியாக நிற்கும் குன்று, உச்சியில் பல் விழுந்த வாய் போலக் கோட்டை, சரிவெல்லாம் ஆடுகள், குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று. வில்லியம் மன்னர் காலத்தில் தொடங்கி, அவர் மகன் முதலாம் ஹென்றி காலத்தில் பெரிய கோபுரம் எழுந்தது என்றெல்லாம் நான் படித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். பெரியப்பா காதில் எதுவும் ஏறவில்லை. அவர் பார்வை வாசல் கோபுரத்தில் இருந்தது. அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மட்டும் நின்ற நிலையிலேயே சரிவில் கீழே இறங்கிப்போய் நிற்கிறது. விழவும் இல்லை, உடையவும் இல்லை.

“இது எப்ப நடந்தது?”

ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1646-ல் கோட்டை பாராளுமன்றப் படையின் கைக்கு வந்ததும், இனி எவனும் இதற்குள் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கக்கூடாது என்று இடிக்க உத்தரவு போட்டார்கள். சுவருக்கு அடியில் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இதைச் சொன்னதுதான் தாமதம், பெரியப்பா ஆய்வில் இறங்கிவிட்டார். குனிந்தார், சாந்தைச் சுரண்டினார் (என் மனைவி “மாமா, தொடாதீங்க” என்று பல்லைக் கடித்தாள்), சாய்ந்து நிற்கும் சுவரைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

“தோண்டினது சரியாத்தான் தோண்டியிருக்கான். மருந்துதான் பத்தலை. இல்லேன்னா பாதி இடிச்சதுமே பில் பாஸ் ஆகியிருக்கும், கிளம்பிட்டான். பாரு, இந்த மூலையெல்லாம் அப்படியே நிக்குது. நானா இருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”

கோட்டையின் உண்மையான கதாநாயகி லேடி மேரி பேங்க்ஸ். கணவர் ராஜாவோடு வெளியூரில் இருந்த நேரம், 1643-ல் பாராளுமன்றப் படையின் முற்றுகை. இந்த அம்மாள் மகள்களையும் பணிப்பெண்களையும் ஒரு சில வீரர்களையும் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து கல்லையும் நெருப்புத் தணலையும் கொட்டித் தாக்குப்பிடித்தார். எதிரிகள் சுவரை நெருங்க மரத்தால் ஒரு நகரும் கூண்டு செய்து அதற்குப் ‘பெண் பன்றி’ என்று பெயரும் வைத்தார்கள். உள்ளே பதினோரு பேர் மறைந்துகொண்டு தள்ளி வரவேண்டும். ஆனால் கூண்டு அவர்கள் கால்களை மறைக்கவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் குறிபார்த்துக் கால்களிலேயே சுட, ஒன்பது பேர் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டார்களாம். ராஜா கட்சி எழுதி வைத்த கணக்கு, கொஞ்சம் உப்புக்காரம் கூட இருக்கலாம்.

“டிராயிங் போட்டவனை முதல்ல சஸ்பெண்ட் பண்ணியிருக்கணும்” என்றார் பெரியப்பா.

கடைசியில் கோட்டை விழுந்ததும் சண்டையில் இல்லை, உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் ரகசியமாக எதிரிகளை உள்ளே விட்டதால். இதற்குப் பெரியப்பா ஆச்சரியப்படவே இல்லை, “எல்லா டிபார்ட்மென்ட்லயும் ஒருத்தன் இருப்பான்” என்று நடந்தார். லேடி மேரியின் வீரத்தை மதித்துக் கோட்டைச் சாவிகளை அவரிடமே கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சாவிகள் இன்றும் அவர் மகன் கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் தொங்குகின்றன. “கதவையே தகர்த்துட்டுச் சாவி கொடுத்தானா? நல்ல நிர்வாகம்!”

இடித்த கல் எங்கே போனது என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப் போனார்கள் என்று ஏன் சொன்னேனோ, கீழே இறங்கியதும் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவராகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வீட்டு ஜன்னல் திறந்து வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் எட்டிப்பார்த்தார். பெரியப்பா அசராமல், “கோட்டைக் கல்லா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர், “அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கோம். திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?” என்றார். இருவரும் காரை, சுண்ணாம்பு என்று பேச ஆரம்பித்தார்கள், மழை வந்துதான் பிரித்தது.

பக்கத்திலேயே மாடல் கிராமம் இருக்கிறது. இடிப்பதற்கு முன் கோட்டையும் ஊரும் இருந்த கோலத்தை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் எதிரே குன்றின் மேல் நிஜமான இடிபாடு. எனக்கு அது பிடித்தது. பெரியப்பா, “இது பிஃபோர், அது ஆஃப்டர்” என்று இரண்டையும் ஒரே போட்டோவில் எடுக்கச் சொல்லிப் பழைய ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் போட்டார்.

அப்புறம் கிரீம் டீ, அதாவது தேநீரும், கிரீமும் ஜாமும் தடவிய ஸ்கோன் என்ற பன்னும். ஸ்கோனில் முதலில் கிரீமா, ஜாமா என்று டெவன்காரர்களும் கார்ன்வால்காரர்களும் அடித்துக்கொள்ளும் கதையை மனைவி விளக்க விளக்க, “பன் பட்டர் ஜாம்தானேம்மா” என்று மூடி வைத்துக் கடித்துவிட்டார். டர்டில் டோர் பாறை வளைவுக்கும் போவதாகத்தான் திட்டம். “கடல் இன்னும் இடிச்சு முடிக்கலை, முடிக்கட்டும்” என்றதால் அது அடுத்த தடவைக்கு.

பக்கத்துக் கடலோர ஊரான ஸ்வானேஜுக்கு நீராவி ரயிலில் போனோம். இந்தப் பாதையை 1972-ல் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்களாம். ரயில் பைத்தியங்கள் கூடி, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி போட்டு, 1995-ல் கார்ஃப் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் ஓட்டுகிறார்கள். டிக்கெட் பார்க்க வந்தவரும் ஓய்வு பெற்றவர்தான் என்று தெரிந்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வர்றேன், யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்னு கேளுடா.”

“மாமா, நீங்க விசிட்டர் விசால வந்திருக்கீங்க” என்றாள் மனைவி. ஆனாலும் கேட்டேன். அந்த மனிதர் சிரிக்காமல், என்ன வேலையில் அனுபவம் என்று விசாரித்தார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். “கட்டுறதுலயா, இடிக்கிறதுலயா?”