எப்போது வருகிறது என்று கேட்டால் போதும்

மனநலப் புறநோயாளிப் பிரிவில், "அறைக்குள்ள யாரோ நிக்கிறாங்க, குரல் கேக்குது" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் நேரத்தைத்தான் கேட்பேன். தூக்கம் பிடிக்கும்போதா, விழிக்கும்போதா, பகலில் வேலைக்கு நடுவிலுமா? அந்த நேரத்தில் கை காலை அசைக்க முடிந்ததா?

கனவு காணும் தூக்கத்தில் மூளை உடலின் தசைகளைப் பூட்டிவைக்கிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் கண் தசைகளும்தான் தப்புகின்றன. விழித்த பிறகும் சில நொடிகளோ நிமிடங்களோ அந்தப் பூட்டு திறக்காவிட்டால், அதுதான் தூக்க முடக்கம். மார்பில் பாரம் அழுத்தும், கத்த வராது, கனவின் மிச்சம் கண் முன்னே நிற்கும். பார்த்தவருக்கு அது கனவாகவே தோன்றாது. பயந்துபோய் அப்படியே நம்மிடம் சொல்கிறார்.

1876இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல் இதை விவரித்துவிட்டார். 1928இல் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் இப்போதைய பெயரையும் கொடுத்தார். ஆனாலும் 1931இல் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் மார்பை அமுக்கும் கொடுங்கனவுக்கு அடக்கிவைத்த பாலியல் ஆசையைக் காரணமாக்கினார். கனவு காணும் அந்தத் தூக்கத்தை, அதாவது கண்கள் வேகமாக அசையும் தூக்கத்தை, ஆய்வாளர்கள் அறிவித்தது 1953இல்தான். அதுவரை உடலின் வேலையை மனதின் குற்றமாகப் படித்தது நோயாளிகளுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மனச்சிதைவு என்று எழுதிய தடித்த கோப்போடு ஓர் இளம்பெண் வந்தார். உருவம் தெரிந்தது படுக்கையில் மட்டும். பகலெல்லாம் தூங்கி வழிவதை மாத்திரையின் மயக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த அக்கா சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது: "வாய்விட்டுச் சிரிச்சா கால் மடங்கி உக்காந்துடுவா டாக்டர்."

தூக்க ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் தூங்கவிட்டுப் பார்க்கும் சோதனை அது. சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது கனவுத் தூக்கம் உடனே வந்தால் நார்கோலெப்சி என்ற சந்தேகம் வலுக்கும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய் அது; சிரிக்கும்போது விழிப்பிலேயே தசைகள் தளர்ந்துபோவதும் அதன் அடையாளம். அவருக்கு அதுதான். கோப்பில் நோயின் பெயர் மாறியது, மருந்தும் மாறியது. பழைய மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தோம்.

அப்புறம் ஒன்று: மனநோய் உள்ளவருக்கும் தூக்க முடக்கம் வரும். அதனால் பகல் நேரத்தைப் பற்றியும் கேட்காமல் நான் எந்த முடிவையும் எழுதுவதில்லை.