கொடுவா குறைகிறது: பரவைக்கடலில் தூண்டில் போடுகிறவர்களின் பங்கு

யாழ்ப்பாணப் பரவைக்கடலில், பண்ணையிலும் சங்குப்பிட்டியிலும் தூண்டில் போடுகிறவர்கள் சந்தித்தால் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: கொடுவா மீன் முன்னையைப் போல இல்லை. கீளி வருகிறது, கெளிறு வருகிறது, சீலாக் குட்டி வருகிறது. கொடுவா வந்தாலும் ஒரு முழம் தேறாத குஞ்சாக வருகிறது.

கவலை நியாயமானது. ஆனால் மீன் இல்லை என்று சொல்கிற அதே ஆள், கிடைத்த முக்கால் கிலோக் கொடுவாவைக் கறிக்குக் கொண்டுபோகிறார். எப்போதாவது மாட்டுகிற பத்துக் கிலோ மீனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுச் சந்தையில் கொடுக்கிறார். வலைகளோடு ஒப்பிட்டால் தூண்டில்காரர் பிடிப்பது கொஞ்சம்தான். ஆனாலும் கொடுவாவைப் பொறுத்தவரை எத்தனை பிடித்தோம் என்பதை விட எந்த அளவு மீனைப் பிடித்தோம் என்பதுதான் பெரிய விசயம். அதற்குக் காரணம் அந்த மீனின் உடம்பிலேயே இருக்கிறது.

கொடுவா அநேகமாக எல்லாமே ஆணாகத்தான் முதிர்கிறது. மூன்று நான்கு வயதில், 55 முதல் 60 சென்ரிமீற்றர் நீளம் வரும்போது முதல் தடவை இனப்பெருக்கத்தில் சேரும். பிறகு சில வருசம் ஆணாகவே இருந்து, ஆறேழு வயதில், 80 முதல் 100 சென்ரிமீற்றருக்குள் பெண்ணாக மாறும். ஆகவே இரண்டடிக் கொடுவாவின் வயிற்றில் சினை தேடிப் பயனில்லை. அது பெண்ணாவதற்கு இன்னும் வருசங்கள் இருக்கின்றன. ஒரு மீற்றர் நீளமுள்ளது ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோ நிற்கும், அது பெரும்பாலும் பெண், ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டை இடும். அப்படி ஒரு மீனைக் கொல்வது, முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் அத்தனை வருசம் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பி வந்த ஒரு தாயைக் கொல்வது. சின்னனைக் கொன்றால் ஆணும் குறையும், நாளைய பெண்ணும் குறையும். இரண்டு பக்கமும் வெட்டினால் நடுவில் என்ன மிஞ்சும்?

என் எண்ணம் இதுதான்: 60 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் விடுங்கள், 80க்கு மேலே இருந்தாலும் விடுங்கள், இடையில் உள்ளதில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று எடுங்கள். 60 சென்ரிமீற்றர் மீன் இரண்டரை, மூன்று கிலோ வரும். ஒரு வீட்டுக்கு அது தாராளம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனுக்கு 58 சென்ரிமீற்றருக்குக் கீழேயும் 120க்கு மேலேயும் எடுக்கத் தடை. கிழக்குக் கரையில் நொவம்பர் தொடக்கம் மூன்று மாதம் கொடுவாவே பிடிக்கக்கூடாது. அங்கே மேல் எல்லை 120 என்றால் இங்கே ஏன் 80 என்று கேட்கலாம். பெரிய மீன் கண்ணில் படுவதே அரிதாகிவிட்ட இடத்தில், பெண்ணாக மாறத் தொடங்கும் அளவிலேயே கையை எடுத்துவிடுவது நல்லது.

இரண்டு பக்கமும் எல்லை வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அதுவும் பிழைக்கலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீனுக்கு நடந்ததை இங்கே தூண்டில் போடுகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதுவும் கொடுவாவைப் போலக் கடலிலும் கழிமுகத்திலும் வாழும் மீன், ஆனால் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். 1970களின் கடைசியில் அது சரிந்தது. மேரிலாண்ட் மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே நிறுத்தி வைத்தது. மீன் திரும்பி வந்தது. 1995இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் இறங்கி, 2018ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2020இல் கடலில் 28 முதல் 35 அங்குலம் வரை ஆளுக்கு ஒன்று என்று வைத்தார்கள். 2015இல் பிறந்த பெருங்கூட்டம் 2022இல் அந்த அளவுக்குள் வளர்ந்து வந்து சேர, பிடிபட்டது முந்திய வருசத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. நல்ல மழைக்காலத்தில் பிறந்த ஒரு வருசத்துக் குஞ்சுகள் ஒன்றாக வளர்ந்து வரும்போது, எல்லோருடைய கையும் அந்த ஒரு கூட்டத்தின் மேலேயே விழுகிறது. 2023 மே மாதத்தில் அவசரமாக மேல் எல்லையை 31 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அதே 2023இல் செசபீக் குடாவின் மேரிலாண்ட் பகுதியில் அந்த வருசத்துக் குஞ்சுகளை எண்ணியபோது சுட்டெண், அதாவது ஒரு தடவை வலை இழுத்தால் சராசரியாக வரும் குஞ்சு, 1.0 வந்தது, நீண்டகாலச் சராசரி 11 அளவில். பெரியதைப் பிடிப்பதில் என்ன கட்டுப்பாடு வைத்தாலும் குஞ்சு வரவில்லை என்றால் அடுத்த ஏழெட்டு வருசம் வெறுமைதான். ஆகவே இங்கே நாளைக்கு 60–80க்குள் திடீரென்று மீன் கூடினால், கொடுவா திரும்பிவிட்டது என்று சாக்கைக் கொண்டுபோகாதீர்கள். நாளுக்கு ஒன்று என்ற பகுதி அந்த நேரத்துக்குத்தான்.

அங்கிருந்து இன்னொரு பாடமும் உண்டு. விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. ஸ்ட்ரைப்ட் பாசில் விடப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்பது சாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். நூற்றுக்கு ஒன்பது சின்ன எண் போலத் தெரியும். மில்லியன் கணக்கில் பிடித்து விடும்போது அது பெரிய சாவு. இயற்கை இரைக்குச் சேர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்ளே வளைந்த வட்ட முள்ளுதான் போட வேண்டும் என்று 2021இலிருந்து அங்கே கட்டாயம் ஆக்கியது அதனால்தான்.

எனவே விடுவதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். முள்ளிலிருந்து தொடங்குவோம். உயிர் மணலை மீனோ இறாலோ போடுகிறவர்கள் 5/0 அல்லது 6/0 சேர்க்கிள் ஹூக் வாங்குங்கள். கடையிலேயே அதை மேசையில் வைத்துப் பாருங்கள்: முழுவதும் தட்டையாகக் கிடக்க வேண்டும். நுனி ஒரு பக்கம் திரும்பி மேசையிலிருந்து எழும்பி நின்றால் அது வேண்டாம். அந்தத் திருப்பம் தொண்டையிலும் குடலிலும் கொளுவும். மணலை 10–12 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். மேலுதட்டில் கொளுவுங்கள், முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். இரைக்குள் புதைத்துவிட்டால் சேர்க்கிள் ஹூக் வேலை செய்யாது. மீன் இரையை எடுத்ததும் வழக்கமாகச் செய்கிற மாதிரித் தூண்டில் தடியை (றொட்டை) சட்டென்று வெட்டி இழுக்கக்கூடாது. வெட்டினால் முள்ளு வாய்க்கு வெளியே வந்துவிடும், பிறகு முள்ளைக் குறை சொல்லிப் பழைய முள்ளுக்குத் திரும்புவீர்கள். நூல் ஓடி இறுகட்டும். றொட்டை அசைக்காமல் றீலை மட்டும் சுற்றுங்கள். முள்ளு தானாக வாயின் மூலையில் வந்து ஏறும்.

செயற்கை இரைக்காரருக்கு மூன்று முள்ளுத் தூண்டில்தான் பிரச்சினை. ஒரு முள்ளு வாயில் ஏற மற்றது கண்ணிலோ செவுளிலோ ஏறும். வயிற்றுப் பக்கத்து மூன்று முள்ளைக் கழற்றிவிட்டு வால் பக்கத்தில் தனி முள்ளு மாட்டினால் மிதப்பு கொஞ்சம் மாறும், தண்ணீரில் இழுத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். எந்த முள்ளானாலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நெரித்து மட்டமாக்குங்கள். மீன் கழன்றுவிடும் என்று பயப்படுவார்கள். நூலைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் கழலாது. துள்ளும்போது றொட்டின் நுனியைத் தாழ்த்தித் தண்ணீருக்குக் கிட்டப் பிடியுங்கள்.

நூல் 20 இறாத்தல் பின்னல், அதன் முன்னால் 40 இறாத்தல் தங்கூசி லீடர் 70 சென்ரிமீற்றர் அளவில். கொடுவாவுக்கு வெட்டும் பல் இல்லை, ஆனால் உதடு அரம் மாதிரி, செவுள் மூடியின் ஓரம் கத்தி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை நகத்தால் வழித்துப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். லீடர் அறுந்து வாயில் முள்ளோடு போகிற மீன் நம்முடைய கணக்கில்தான் சேரும். றீல் விட்டுக்கொடுக்கும் இறுக்கம் இரண்டு, மூன்று கிலோவில் நிற்கட்டும். மெல்லிய சாமானால் நீண்ட நேரம் விளையாடிப் பிடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சோளகக் காலத்து மத்தியானத்தில் ஆழமில்லாத தண்ணீர் சூடேறி, மூச்சுக்காற்றுக் குறைந்து கிடக்கும்போது அப்படிக் களைத்த மீன் நீந்திப் போவது போல் போய்ப் பிறகு சாகும். அந்த மாதங்களில் விடிகாலையில் போடுங்கள், வெயில் ஏறினால் விட்டுவிடுங்கள்.

மீன் கிட்ட வந்ததும் சூடான சீமெந்தில் இழுத்துப் போடாதீர்கள். மேலே உள்ள வழுவழுப்புப் போனால் புண்ணும் பூஞ்சணமும் பிடிக்கும். கையை நனைத்து, ஒரு கை கீழ்த்தாடையில், மறு கை வயிற்றின் கீழே, படுக்கையாகப் பிடியுங்கள். தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிட்டால் பெரிய மீனின் முழுப் பாரமும் கழுத்தெலும்பில் இறங்கும். படத்துக்கு அப்படித்தான் எல்லோரும் தூக்குகிறார்கள், அதை நிறுத்த வேண்டும். பாலத்து மேலிருந்து பிடிக்கிறவர்கள் கயிறு கட்டிய வளைய வலையை இறக்கி எடுத்து, அதே வலையில் வைத்து இறக்கி விடுங்கள். நீளத்தை வாய் மூடியிருக்க, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்கவும். கொடுவாவின் வால் உருண்டை என்பதால் சிக்கல் இல்லை. முள்ளு தொண்டைக்குள் இருந்தால் தோண்டாமல் நூலை முள்ளோடு ஒட்ட வெட்டுங்கள். விடும்போது முகம் நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்தால் போதும். முன்னும் பின்னும் ஆட்டினால் பின்னுக்கு இழுக்கும்போது செவுளில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் போகும். வால் பலமாக அடித்ததும் கையை எடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் குஞ்சு உள்ளே வர வழி வேண்டும். கொடுவாவின் முட்டைக்கு நல்ல உப்புத் தண்ணீர் தேவை. கடல்வாய்களை ஒட்டி, அமாவாசை, பறுவத்தை அண்டிய நாட்களில் இடும். குஞ்சு பெருக்கோடு உள்ளே ஏறிக் கண்டல் காட்டுக்கும் மழைவெள்ளம் நிற்கும் உவர்த் தரவைக்கும் போய் வளரும். நல்ல வெள்ளம் வருகிற வருசத்தில் குஞ்சு கூடப் பிழைப்பதை அவுஸ்திரேலிய ஆறுகளில் கண்டிருக்கிறார்கள். நமக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலியில் சேருகிறது. கனகராயன் ஆறு இரணைமடுவில் தேங்கி, மிச்சம்தான் சுண்டிக்குளத்துப் பக்கம் வருகிறது. ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் கடல்நீரேரியைக் குறுக்கே பிரித்துவிட்டன. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் கட்டிய தடுப்பணைகள் உப்பைத் தடுத்துக் கிணறுகளை நன்னீராக்க வந்தவை. அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், குடாநாட்டின் உயிரே கிணறுதான். ஆனால் மாரியில் வெள்ளம் விடக் கதவு திறக்கும்போது, ஓட்டத்தில் அடிபட்டு வரும் சின்ன மீனுக்காகக் கொடுவா கதவு வாயில் குவிந்து நிற்கும். வருசத்தில் மிகச் சுலபமாகப் பெரிய மீன் பிடிபடும் இடமும் நேரமும் அதுதான். எடுக்காமல் விட வேண்டிய இடமும் அதுவே. கதவிலிருந்து நூறு மீற்றர் தள்ளி நின்று போடுவது என்று நமக்குள் ஒரு வழக்கம் வைத்தால் என்ன?

வலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வெளிக்கடலில் இழுவைமடிக்கு எதிராக 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கொடுவாவின் சின்ன வயது கழிவதோ உள்ளே, முழங்கால் ஆழத்தில். அங்கே சின்னக் கண் வைத்த சிறகுவலையும், கைவிடப்பட்டு யாருக்கும் இல்லாமல் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும் தங்கூசி வலையும்தான் ஆபத்து. வலைத்தொழில் செய்கிறவருக்கு அது சோறு. பொழுதுபோக்குக்குப் போகிறவர் அவரிடம் பாடம் எடுக்கக்கூடாது. ஆனால் முள்ளில் மாட்டிவரும் தங்கூசித் துண்டைத் திரும்பத் தண்ணீரில் எறியாமல் கரைக்குக் கொண்டுவரலாம். சந்தையில் சாணளவுக் கொடுவாக் குஞ்சு குவித்து வைத்திருந்தால் வாங்காமல் வரலாம்.

கடைசியாக, குறைந்துவிட்டது என்பதை நிரூபிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? வாய்ப்பேச்சு மட்டும். ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, இடம், வற்றா பெருக்கா, எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், கொடுவா எத்தனை, ஒவ்வொன்றின் நீளம். நான்கு பேர் மூன்று மணித்தியாலம் நின்று இரண்டு பிடித்தால், பன்னிரண்டு தூண்டில்-மணித்தியாலத்துக்கு இரண்டு, அதாவது 0.17. வெறுங்கையோடு வந்த நாளைக் கட்டாயம் எழுத வேண்டும். அதை விட்டால் கொப்பி பொய் சொல்லும், ஏனென்றால் மீன் கிடைத்த நாளைத்தான் எல்லோருக்கும் எழுத மனம் வரும். 60–80க்குள் எடுத்த மீனை வெட்டும்போது வயிற்றுக்குள் பாருங்கள்: ஆண் மீனில் வெள்ளையாகப் பால் பிதுங்கும். தப்பித்தவறிச் சினை இருந்தால், மஞ்சளாகவும் மணிமணியாகவும் தெரியும். எது எந்த மாதத்தில் இருந்தது, மீனின் நீளம் என்ன என்று அதே வரியில் குறித்து வையுங்கள். பண்ணை, அராலி, சங்குப்பிட்டி, தொண்டைமானாறு என்று நாலு இடத்துக் கொப்பிகள் மூன்று வருசத்துக்கு ஒன்று சேர்ந்தால், நம்முடைய கொடுவா எந்த மாதம் சினை வைக்கிறது, எந்த நீளத்தில் பெண்ணாகிறது என்று கடற்றொழில் அலுவலரிடமும் பல்கலைக்கழகத்திடமும் போய் மேசையில் வைத்துப் பேசலாம். தடை மாதம் கேட்பதென்றால் எந்த மாதம் என்று சொல்லிக் கேட்கலாம்.