ஒரே முடிவு, வெவ்வேறு சொற்கள்

அலுவலகக் கடிதங்களை வரைவதும் பிறர் வரைந்தவற்றைத் திருத்துவதும் என் பணி. எடுக்கப்பட்ட முடிவு ஒன்றாகவே இருந்தாலும், அதை விண்ணப்பித்தவருக்கு ஒருவிதமாகவும், மேலதிகாரிக்கு ஒருவிதமாகவும், கோப்புக் குறிப்பில் இன்னொரு விதமாகவும் எழுத வேண்டியிருக்கும். சொல்லைத் தேடி அதிக நேரம் செலவாவது அங்கேதான்.

மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ‘நிராகரிக்கப்பட்டது’, ‘ஏற்க இயலவில்லை’, ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ ஆகிய மூன்றும் ஒரே செய்தியைச் சொல்வதாகத் தோன்றும். ஆனால் முதலாவது கதவை அடைத்துவிடுகிறது. இரண்டாவதில் எழுதுபவரின் வருத்தமும் சற்றுத் தெரிகிறது. மூன்றாவதோ, குறையைச் சரிசெய்து மீண்டும் அனுப்பலாம் என்ற நம்பிக்கையைத் தருகிறது. சான்றிதழ் ஒன்று இணைக்கப்படாத விண்ணப்பத்துக்கு, உடன் பணியாற்றும் இளையவர் ஒருவர் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வரைவு எழுதியிருந்தார். இருவருமாகப் பேசி, ‘சான்றிதழ் இணைக்கப்படாததால் தங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இணைத்து அனுப்பினால் பரிசீலிப்போம்’ என்று மாற்றினோம். கோப்பில் ‘சான்றிதழ் இல்லை, திருப்பப்பட்டது’ என்றாலே போதும். கோப்பைப் பார்ப்பவருக்குக் காரணமும் நடவடிக்கையும் தெரிந்தால் போதும். கடிதத்தைப் பெறுபவருக்கோ அடுத்து என்ன செய்வது என்பது தெரிய வேண்டும்.

கேட்பவரின் நிலைக்கேற்பச் சொல் மாறும் என்பதைத் தொல்காப்பியம் மூன்றே சொற்களில் காட்டிவிடுகிறது. தாழ்ந்தோர் உயர்ந்தோரிடம் கேட்கையில் ‘ஈ’, ஒத்தோரிடம் ‘தா’, உயர்ந்தோர் தாழ்ந்தோரிடம் கேட்கையில் ‘கொடு’. அந்த உயர்வு தாழ்வை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. எனினும் ‘அனுப்புக’, ‘அனுப்பவும்’, ‘அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எழுதுபவர் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

சொல்லை மாற்றவே கூடாத இடங்களும் உண்டு. நன்னூல் சுட்டும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று என்று படித்தவர்கள், ஒரு சொல் இருமுறை வந்தாலே அஞ்சுகிறார்கள். சொன்ன செய்தியையே பயனின்றித் திரும்பச் சொல்வதுதான் குற்றமே தவிர, ஒரு பெயரை மாறாமல் ஆள்வது குற்றமாகாது. ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் ‘வாடகைதாரர்’ என்று குறிக்கப்பட்டவர் அடுத்த பத்தியில் ‘குடியிருப்பவர்’ ஆகிவிட்டால், இவர் வேறொருவரோ என்ற ஐயம் எழும். வழக்கு என்று வந்தால் அந்த ஐயமே ஒரு வாதமாகிவிடக்கூடும்.

எந்தச் சொல்லும் பொருந்தாதபோது அகராதியை மூடிவிட்டு, கடிதத்தைப் பெறப்போகிறவர் எதிரே அமர்ந்திருப்பதாகக் கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ‘எப்போது?’ என்று அவர் கட்டாயம் கேட்பார். தேதி தெரிந்தால் அதையே எழுதிவிடுகிறேன். தெரியாதபோது, யாருடைய ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம் என்பதை எழுதுகிறேன்.