12 மீட்டர் தள்ளி ஒரு கிணறு

பெட்ரோல் கசிந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வழிகளில், ஆவியை உறிஞ்சி எடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. மேலே இருக்கும் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணில் துளை போட்டு, கீழ்ப்பகுதியில் வெட்டுகள் உள்ள பிவிசி குழாயை இறக்கி, ப்ளோயர் என்ற காற்றிழுக்கும் இயந்திரத்தால் இழுக்கிறோம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று பெட்ரோல் ஆவியையும் சேர்த்துக்கொண்டு மேலே வருகிறது. அதைக் கரித் தொட்டி வழியாக விட்டுச் சுத்தப்படுத்துகிறோம். பெட்ரோலுக்கு இது நன்றாக வேலை செய்யும். டீசலில் பெரும்பகுதி அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அங்கே மெதுவாகக் காற்றை ஓடவிட்டு, மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் கிடைக்கச் செய்வதுதான் பலன் தரும்.

எந்த மண் எவ்வளவு காற்றை விடும் என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் முதலில் சோதனை ஓட்டம். நான் முதன்முதலில் பொறுப்பேற்று நடத்திய சோதனை, கசிந்த தொட்டியை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்ட ஒரு பெட்ரோல் பங்க் இடத்தில். நடுவில் ஓர் உறிஞ்சு கிணறு, அதாவது காற்றை இழுக்கும் குழாய்த் துளை. சுற்றி 3, 6, 12 மீட்டர் தொலைவுகளில், வெவ்வேறு திசைகளில், மூன்று கண்காணிப்புக் கிணறுகள். வேக்கும் (vacuum), அதாவது உறிஞ்சும் இழுவையின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அளவுகள் நிலைத்த பிறகு குறிக்க வேண்டும்.

கடைசிப் படியில் வேக்குமைக் கூட்டக் கூட்டக் காற்றின் ஓட்டம் குறைந்தது. ப்ளோயரில்தான் கோளாறு என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். உண்மையில் கிணற்றுக்குள் நீர்மட்டம் ஏறி, குழாயின் வெட்டுகளை மூடியிருந்தது. 40 அங்குல நீர் அளவுக்கு வேக்கும் கொடுத்தால், கிணற்றுக்குள் நீரும் ஏறக்குறைய அதே 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டர், மேலே எழும். பாடத்தில் படித்ததுதான். கையில் கேஜ் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

அதைச் சரிசெய்த பிறகு வந்த அளவுகள்தான் என்னை உண்மையில் குழப்பின. 12 மீட்டர் தள்ளி இருந்த கிணற்றில் வேக்கும் நன்றாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் 6 மீட்டரில் இருந்ததில் முள் அசையவே இல்லை. கண்காணிப்புக் கிணற்றில் 0.1 அங்குல நீர் அளவுக்கு வேக்கும் தெரிந்தால் அதுவரை தாக்கம் உண்டு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. அந்தக் கணக்குப்படி 12 மீட்டர் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுதத்தான் இருந்தேன்.

துளை போட்ட பெரியவர் அருகில் நின்றுகொண்டிருந்தார். “சார், அந்தப் பக்கம் பழைய குழாய் ஏதாவது போகுதா? துளை போடும்போதே மண் லூசா வந்துச்சு” என்றார். வரைபடங்களைத் தேடி எடுத்தோம். பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்று உறிஞ்சு கிணற்றை ஒட்டியே, 12 மீட்டர் கிணறு இருந்த திசையில் போயிருந்தது. அதன் பள்ளத்தைச் சரளைக் கல்லால் நிரப்பியிருந்தார்கள். நாங்கள் இழுத்த காற்றில் பெரும்பகுதி அந்தச் சரளை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ஊறியிருந்ததோ எதிர்ப்பக்கத்துக் களிமண் கலந்த வண்டலில். சுத்தம் செய்ய வேண்டிய மண்ணுக்குள் காற்று போகவே இல்லை.

அன்றிலிருந்து வேக்கும் அளவை மட்டும் வைத்து நான் முடிவு சொல்வதில்லை. இறுகிய மண்ணிலும் நேரமானால் வேக்கும் பரவிவிடும். ஆனால் அதன் வழியே காற்று ஓடுவது மிகச் சொற்பம். பெட்ரோலை வெளியேற்றுவது ஓடும் காற்றுதான். மண் இடுக்குகளில் இருக்கும் காற்று ஒரு நாளில் எத்தனை முறை மாறுகிறது என்பதே நான் இப்போது முதலில் போடும் கணக்கு.

வண்டல் அடுக்குக்குள் மட்டும் வெட்டுகள் வருமாறு, சரளைப் பள்ளத்திலிருந்து விலகி, புதிய கிணறு போட்டோம். காற்று குறைவாகத்தான் வந்தது. ஆனால் கையில் வைத்து அளக்கும் ஆவி மீட்டர் அதில் பல மடங்கு அதிகம் காட்டியது. சில நாட்களில் அந்த அளவு சரசரவென்று இறங்கியது. வேலை முடிந்தது என்று உடன் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னேன். மறுபடி ஓடவிட்டபோது, இறங்கிய அளவில் பாதிக்கு மேல் திரும்ப ஏறியிருந்தது. எளிதாகக் காற்று ஓடும் இடுக்குகள் முதலில் காலியாகிவிடும். களிமண் கட்டிகளுக்குள் இருப்பது அதன் போக்கில் மெதுவாகத்தான் கசிந்து வரும். அதை எந்த ப்ளோயராலும் அவசரப்படுத்த முடியாது.

அறிக்கையில் தாக்கத் தொலைவை 4 மீட்டர் என்று எழுதினேன். கிணறுகளின் எண்ணிக்கை கூடியது, செலவும் கூடியது. இடத்தின் உரிமையாளர் முகம் சுளித்தபடி ஏன் என்று கேட்டார். பழைய வரைபடத்தை விரித்து அந்தக் குழாயைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “சரி, போடுங்க” என்றார்.